ஆசீர் சார் நம்பர் போட்ட என் கார்டு

செய்தி வந்தபோது யாழினிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். நம் வாசகர் வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் முருகேசன் அண்ணாச்சி போட்டிருந்தார்: "நம் ஆசீர் சார் இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்று போட்டேன். பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. 'என் கார்டில் இருப்பது அவர் நம்பர் அல்லவா, இனி அதை யார் எடுப்பார்கள்' என்றுதான் தோன்றியது.

அஞ்சலி மலருக்கு எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான்தான் கடைசி. "என்னம்மா கோமதி, நல்லதா ஒரு பக்கம் எழுத இவ்வளவு நாளா? பிள்ள தூங்கலியா?" என்று அண்ணாச்சி நேற்றும் கேட்டார். பிள்ளை நன்றாகத்தான் தூங்குகிறது. நல்லதாக எழுத வரவில்லை, அதனால்தான் தாமதம். சாரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். கோபப்படுகிறவர்கள் படுங்கள். உங்களில் பாதிப் பேரின் கார்டிலும் அவர் நம்பர்தான் இருக்கிறது.

மேலநீலிதநல்லூரிலிருந்து கட்டிக்கொடுத்து இந்த ஊரை ஒட்டிய கிராமத்துக்கு வந்தவள் நான். பி.ஏ. இங்கிலீஷ். கல்லூரியில் எழுதிய கதைகளும் கல்யாணத்துக்குப் பிறகு எழுதியவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடந்தன. அந்தக் கவரோடுதான் ராஜபாளையம் ரோட்டு டுட்டோரியல் மாடியில் நடந்த நம் கூட்டத்துக்கு முதன்முதலில் வந்தேன். எனக்கு அப்போது ஐந்து மாதம். சார் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்று, வட்டத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்த காலம். கவரை நீட்டினேன். அவர் கையை நீட்டவே இல்லை.

"அதை அப்படியே வையி. கார்டு எங்க?" என்றார்.

"கார்டா சார்?"

"விசிட்டிங் கார்டும்மா. எழுதுறவ ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கா. கையில கார்டோட நிக்கிறவ எத்தன பேரு?"

கவர் அப்படியே என் மடியில் இருந்தது. கடைசிவரை அதை அவர் பிரிக்கவில்லை. என் கதை ஒன்றைக்கூட ஆசீர் சார் வாசித்ததில்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். கோபம் பின்னால் வருகிறது.

அவர் நடத்திய பயிற்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரையும் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிறுத்துவார். ஒருவர் பதிப்பாளர், இன்னொருவர் எழுத்தாளர். "வணக்கம் சொல்லு, பேரைச் சொல்லு, கார்டைக் குடு, நகந்திரு. கதையைச் சொல்ல ஆரம்பிச்சிராத, ஆளு ஓடிருவான்." கார்டைக் கொடுக்கும்போது உடனே விட்டுவிடக் கூடாதாம். எதிராளி பெயரை வாசிக்கிற வரைக்கும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். கரிவலத்து ஜெபராணி அக்கா ஒருமுறை பிடித்த பிடியில் முருகேசன் அண்ணாச்சி, "ஏட்டி, விடுட்டி, கிழிஞ்சிரப் போகுது!" என்று கத்த, நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே இருந்த டியூஷன் வாத்தியாரே மேலே வந்துவிட்டார். சார் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. எழுத்தைத் தேடி ஒருத்தனும் வர மாட்டான். ஆளைத் தேடித்தான் வருவான்" என்றார். அந்த வாக்கியத்தைத்தான் அஞ்சலி மலரின் அட்டையில் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். போடுங்கள். தேடி வந்தவர்களை அவர் என்ன செய்தார் என்பதை உள்பக்கத்தில் நான் எழுதுகிறேன்.

கார்டு அச்சாகி வந்த நாளை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'ம. கோமதி, எழுத்தாளர்' என்று இருந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஒரு சொல்லை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குக் கீழே 'தொடர்புக்கு' என்று போட்டு ஒரு நம்பர். அது என்னுடையது இல்லை.

"சார், நம்பர் மாறிருக்கு."

"மாறலம்மா. என் நம்பர்தான். பொம்பளப் பிள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தான் போட்டிருக்கேன். கண்ட கண்ட ஆளு கையிலயும் கார்டு போகும். உன் நம்பரை ஊர் பூரா குடுக்க முடியுமா? எனக்கு வரட்டும். நான் பேசிப் பாத்து, ஆளு சரின்னா உன்கிட்டச் சொல்லுதேன்."

வீட்டில் காட்டினேன். என் வீட்டுக்காரர் தறிகளுக்கு நூல் கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விவரமான மனுசன். நல்லதுதான பண்ணிருக்காரு" என்றார். ஆண்களின் கார்டில் அவரவர் நம்பரே இருந்தது. கண்ட கண்ட ஆள் அவர்களைக் கூப்பிட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

போன வருஷம் திருநெல்வேலிப் புத்தகச் சந்தைக்கு எல்லாரும் வேன் பிடித்துப் போனோமே, அன்று நடந்ததை உங்களில் யாரும் பார்க்கவில்லை. சார் எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். யாழினி வெயிலுக்கு வீறிட்டு அழுதாள். சார் என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நின்னா எவன் உன்னை எழுத்தாளர்னு மதிப்பான்? அங்கன நிழல்ல உக்காரு. உனக்கும் சேத்து நான் குடுக்கேன்" என்று என் கையிலிருந்த கார்டுகளை வாங்கிக்கொண்டார். கைப்பைக்குள் ஒன்று மட்டும் மிஞ்சியது.

மேடைக்குப் பின்னால் தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதுரைக்காரர். சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறாராம். "கூட்டம் தாங்கல, அதான் இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டேன்" என்று சிரித்தார். யாழினிக்கு ஒரு வாய் ஊட்டினார். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். சார் சொல்லிக்கொடுத்த எதையும் நான் செய்யவில்லை. கதையை முழுசாகச் சொன்னேன். மாமியார் செத்த வீட்டில் மருமகள் பசியோடு இருக்கிற கதை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தப் பொண்ணு கடைசில சாப்பிட்டாளா இல்லையா?" என்று அவர் கேட்ட நேரம் ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கை கழுவக்கூட நேரமில்லாமல் எழுந்தவர், "கார்டு இருக்கா? குடுங்க, குடுங்க, நானே கூப்பிடுறேன்" என்று வாங்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் சாரிடம் கேட்டேன். "மதுரையில இருந்து யாராச்சும் கூப்பிட்டாங்களா சார்?"

"கூப்பிட்டா நான் சொல்ல மாட்டேனாம்மா? கார்டைக் குடுத்த மறுநாளே போனைப் பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது."

நானே அவரைத் தேடிப் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தேடியிருக்கலாம். ஆனால் கூப்பிடுகிறேன் என்று சொன்ன ஒருவர் கூப்பிடவில்லை என்றால் கதை அவ்வளவுதான் என்று நினைக்கிற ஜாதி நாங்கள். தயிர்சாத ருசியில் கேட்டிருப்பார், மதுரை போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பார் என்று நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பிளாஸ்டிக் கவரைப் பரணில் போட்டுவிட்டேன்.

துட்டி கேட்க சார் வீட்டுக்குப் போனது அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். சாரின் மனைவி, நம் சாரம்மா, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா கோமதி. பிள்ளைய ஏன் கொண்டாரல?"

"மாமியார்ட்ட விட்டுட்டு வந்தேன்மா."

"உன் மேல அவுகளுக்கு அம்புட்டுப் பிரியம், தெரியுமா? சொந்தப் பிள்ள மாதிரி. ஒரு மதுரைப் பிள்ள, பொஸ்தகம் போடுற பிள்ள, உன் பேரைச் சொல்லி எத்தன தடவ போன் போட்டுச்சு! இவுக ஒரே பேச்சா சொல்லிட்டாக. 'அது பச்சப்பிள்ளக்காரி, இப்பம் அதைத் தொந்தரவு பண்ணாதீங்க, ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்துக்கிடலாம்'னு."

பக்கத்தில் ஜெபராணி அக்கா இருந்தார். அவர் முகம் மாறியதையும் பார்த்தேன்.

"எப்பம்மா கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"நீங்கள்லாம் சந்தைக்குப் போயிட்டு வந்தீகள்லா, அந்த வாரமே. பொறவும் ரெண்டு மூணு தடவ கூப்பிட்டுச்சு. 'பாவம், கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு அது கெடந்து முழிக்கும், நான் சொன்னா ஓடி வந்து ஒத்துக்கிடும், அதான் அதுட்டச் சொல்லல'ன்னாக. அந்த மனசு யாருக்கு வரும், சொல்லு!"

புருஷனைப் பறிகொடுத்த மனுஷி அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஜெபராணி அக்கா என் காதோரம், "ஏட்டி, அப்போ எனக்கும் யாராச்சும் கூப்பிட்டிருப்பாங்களோ?" என்றார். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் இனி யாரும் பதில் சொல்ல முடியாது.

வாசலில் சாருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். அப்பாவின் போன் அவன் கையில்தான் இருந்தது. துக்க வீட்டில் கேட்கக் கூடாததுதான். கேட்டேன்.

"மதுரை மேடமா அக்கா? முந்தாநாளும் கூப்பிட்டாங்க. அப்பா தவறிட்டாங்கன்னு சொன்னேன். நல்லவேளை இன்னைக்கு வந்தீங்க. நாளைக்கு இந்த நம்பரை மூடிருவேன்."

நம்பரை வாங்கிக்கொண்டு தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கம் நின்று என் போனிலிருந்து கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம், "கோமதியா! குழந்தை வளந்துட்டாளா? கடைசியாக் கேட்டப்ப, எழுதுறதையே நிறுத்திட்டீங்கன்னு சார் சொன்னாரே" என்றது குரல்.

"நான் நிறுத்தல மேடம். நீங்க கூப்பிட்டதே எனக்குத் தெரியாது."

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். முதல் புத்தகம் எழுதுகிற பெண்கள் வரிசை ஒன்றை அவர் ஆரம்பித்திருக்கிறார். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். முந்தாநாள் கூப்பிட்டது, நான் மறுபடி எழுத ஆரம்பித்தேனா என்று விசாரிக்கத்தானாம். வரிசை நிறைந்து, புத்தகங்கள் அச்சுக்கும் போய்விட்டன. அடுத்து எப்போது போடுவார், போடுவாரா என்பதே அவருக்குத் தெரியவில்லை. "கதையை அனுப்புங்க, வாசிக்கிறேன். ஆனா வாக்கு எதுவும் குடுக்க முடியாதும்மா" என்றார். அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வந்தால் என் போனுக்கு வரும்.

எங்கள் கடைசிப் பஸ் வரும் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் கொசுக்கடியில் நின்று, பெண்கள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே சார் வீட்டுக்குப் போவார் என்று நீங்கள் எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். என்னையும் அப்படி ஏற்றிவிட்டிருக்கிறார். எனக்கு வந்த அழைப்பைத் தடுத்ததும் அதே கைதான். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு நல்லது எது என்பதை என்னிடம் கேட்காமலே முடிவுசெய்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், மிஞ்சியது நல்லதில்லை. நேற்று யாழினியைப் பால்வாடிக்குக் கூட்டிப் போகும்போது எதிரே வந்த ஒரு பூக்கார அம்மா குனிந்து, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டார். "யாழினி. அவ கூச்சப்படுவா, சொல்ல மாட்டா" என்றேன். பூக்கார அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். குனிந்து பார்த்தால், பிள்ளை சொல்வதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தாள்.