கல்லீரல் டெஸ்டும் கொழுப்பு மாத்திரையும்

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் கழித்து உத்திரமேரூர் லேப் ஒன்றில் ரத்தம் கொடுத்தேன். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. கல்லீரல் டெஸ்டில் மட்டும் இரண்டு எண்கள் அளவைத் தாண்டியிருந்தன. பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொலஸ்ட்ரால் மாத்திரை போடறியா? அது ஈரலைத் தின்னுடும்பா" என்றார்.

கூட வந்த என் மனைவிக்கு அது போதும். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டாள். மறுநாள் காலையில் வரப்பிலிருந்து கீழாநெல்லி பறித்து வந்து மோரில் அரைத்து நீட்டினாள்.

"ஸ்டென்ட் வெச்ச டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றேன்.

"ஈரல் போச்சுன்னா இன்னா பண்ணுவ? குடி மொதல்ல."

குடித்தேன். அறுவடை மெஷினையே அடக்கி ஓட்டுகிறேன்; அவளை எதிர்த்துப் பேச மட்டும் வராது. ஆனால் நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றால்கூட கை தானாக அங்கே போனது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய ஃபைலோடு அவளையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். புது ரிப்போர்ட்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. ஃபைலைப் பின்னாலிருந்து புரட்டி ஒரு தாளை என் மனைவியிடம் காட்டினார். "இது மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்டும்மா. அப்பவும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ஸ்கேன்லயும் கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. இந்த அளவுக்கு மாத்திரையை நிறுத்த வேணாம். நிறுத்தினா இதயத்துக்குத்தான் ஆபத்து. பல மடங்கு ஏறினாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே வாங்க, பாக்கலாம். என்னைக் கேக்காம எந்தப் பச்சிலையும் குடுக்காதீங்க."

அவள் தாளையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஈரலைக் கெடுத்தது மாத்திரை இல்ல, இவரு வாய்தான்னு சொல்லுங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பத்து நாளாக நெஞ்சில் இருந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவளே மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். வடையும் பரோட்டாவும் நின்றன. நாலு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் அந்த எண்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. இப்போது தினமும் விடிந்ததும் ஏரிக்கரையில் நடக்கிறேன். அவளும் வருகிறாள். நான் நின்று மூச்சு வாங்கினால் அவளும் நிற்கிறாள்; பேச்சை மட்டும் நிறுத்துவதில்லை.