பிஸியாக இருந்த குளியலறை

புதிதாக வாங்கிய ஃப்ளாட்டின் குளியலறைக்குச் சாமான் பார்க்க, போன வாரம் பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். "ஷவர் போதுமா சார், இல்ல பாத்டப் வேணுமா?" என்று கேட்டாள் விற்பனைப் பெண். மனைவி ஷவர் என்றாள். மகள் டப் என்றாள். "ஒரு பக்கெட் வைக்க இடம் விட்டா போதும்மா" என்றேன் நான். மூன்று பெண்களும் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு கடையின் பின்பக்கம் நழுவினேன்.

அங்கே ஒரு பாத்டப் வந்த மரப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வெளுத்த, கனமில்லாத வெளிநாட்டு மரம். குனிந்து மோந்து பார்த்தேன். அதே வாசனை! மரச்சட்டத்தை மோந்து பார்க்கிற ஆளைக் கடையில் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? ஓசூருக்கு வந்த புதிதில் என் காலைகள் எல்லாம் அந்த மரம் எரிகிற வாசனையோடுதான் விடிந்தன.

செல்போன் மேனேஜர்களின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம் அது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு, சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு டிரெய்னியாக வந்திருந்தேன். எங்கள் ஊரில் குளிப்பதற்கு ஒரே நிபந்தனை, தண்ணீர் இருக்க வேண்டும். ஓசூரில் தண்ணீர் இருந்தது, தொடத்தான் முடியவில்லை. கார்த்திகை மாத விடியலில் குழாயைத் திறந்து கையை நீட்டினால், விரல்கள் கையோடு இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கொடுக்க ஊரே யோசித்தபோது, மூக்கண்டப்பள்ளியில் எங்களுக்கு ரூம் கொடுத்தவர் ஜெயம்மா. எங்களுக்கு என்றால் எனக்கும், அதே கம்பெனியில் சேர்ந்த திண்டுக்கல்காரன் சேவியருக்கும். ஜெயம்மா பூர்வீகமாகவே இந்த ஊர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழும் நன்றாக வரும், ஆனால் காலையில் காப்பி குடித்த பிறகுதான் வரும். "பின்னாடி குளிக்கிற ரூம் இருக்கு. வெந்நீ நான் வெச்சிக் குடுப்பேன்" என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பெருமையாகச் சொன்னார்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். முற்றத்துக் குளியலறையின் மூலையில் ஒரு பெரிய செம்பு அண்டாவை அடுப்போடு சேர்த்துப் பூசியிருந்தார்கள். அதை ஹண்டே என்பார்கள். சுவருக்கு வெளியே உட்கார்ந்து தீ மூட்டினால் உள்ளே தண்ணீர் கொதிக்கும். விறகு எது தெரியுமா? கம்பெனிகளுக்கு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மெஷின் வருகிற பெட்டிகள். ஜெயம்மாவின் கணவர் முனியப்பா அவற்றை உடைசலாக வாங்கி வந்து அடுக்கியிருந்தார். மெஷின் கம்பெனிக்கு, பெட்டி ஜெயம்மாவின் அடுப்புக்கு.

முதல் நாள் காலை துண்டும் சோப்பு டப்பாவுமாக முற்றத்துக்கு வந்தேன். காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு ஜெயம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, குளிக்கலாமா?"

"பிசி ஐத்தே, ஹோகப்பா" என்று சொல்லிவிட்டு, பால் கறக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஐத்தே என்றால் இருக்கு, ஹோகு என்றால் போ. இரண்டும் பஸ் கண்டக்டர்கள் புண்ணியத்தில் தெரியும். பிஸி எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ். உள்ளே ஆள் இருக்கிறது, போப்பா என்கிறார். குளியலறைக் கதவு மூடியிருந்தது, மேலே ஜன்னல் வழியாக ஆவியும் வந்துகொண்டிருந்தது. மரியாதை தெரிந்த பையனாக ரூமுக்குத் திரும்பி, முகத்தை மட்டும் கழுவி, பவுடரைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாளும் பிஸி. அதற்கடுத்த நாள் சேவியர் போனான், அவனுக்கும் பிஸி.

உள்ளே யார் இருக்க முடியும்? அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள் முனியப்பா. அதிகம் பேசாத மனிதர்.

"மனுசன் அம்புட்டு நேரம் உள்ள என்னடா பண்றாரு?" என்பான் சேவியர்.

"ஊறப் போட்டிருப்பாருடா" என்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், நாங்கள் குளிக்காமல் பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ஸ்நானா ஆய்த்தா?" என்று கேட்பார். குளித்தாயிற்றா என்பது அந்தப் பக்கத்தில் சாதாரண விசாரிப்பு. எங்களுக்கோ வயிறு எரியும். தண்ணீரையும் தீர்த்துவிட்டு நக்கலும் பண்ணுகிறாரே என்று சேவியர் பல்லைக் கடிப்பான்.

பிசி என்ற சொல் எனக்கு அறிமுகமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கம்பெனி கேன்டீனில் வாரம் தவறாமல் பிசிபேளாபாத் போடுவார்கள். சோறு, சாம்பார் என்று தனித்தனியாகச் சாப்பிட நேரமில்லாத பிஸியான ஆட்களுக்காக எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறிக் கண்டுபிடித்த சாப்பாடு என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். சேவியருக்கு விளக்கியும் இருக்கிறேன். அவனும் தலையாட்டினான்.

குளிக்காமல் எத்தனை நாள் ஓட்டுவது? கம்பெனியில் பெயின்ட் ஷாப் ஆட்களுக்காக வரிசையாக ஷவர் வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் நாங்களும் அங்கே நுழைய ஆரம்பித்தோம். சேவியர் முதல் நாளே ஷவர் கட்சியில் சேர்ந்துவிட்டான். "கைய வீசிக்கிட்டு நின்னாப் போதும்டா, தண்ணி தானா வருது" என்பான். எனக்குச் சரிப்படவில்லை. மழையில் நனைவது வேறு, குளிப்பது வேறு. கண்ணில் சோப்பு இருக்கும்போது அந்தக் குழாய்த் திருகைத் தேடிச் சுவர் முழுக்கத் தடவ வேண்டும். பக்கெட் என்றால் தண்ணீர் தீர்ந்ததும் குளியலும் தீர்ந்தது. ஷவரில் போதும் என்று யார் சொல்வது? கடைசியில் பக்கெட்டைத் தூக்கி மிச்சத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிற அந்தச் சுகத்துக்கு ஷவர்காரர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இப்படி இருக்கும்போது ஒரு சாயங்காலம், ஈரத்தலையோடு வீடு திரும்பிய எங்களை ஜெயம்மா வாசலில் நிறுத்தினார்.

"அடுத்த மாசம் வேற ரூம் பாத்துக்குங்கப்பா."

எனக்குப் பகீர் என்றது. ரூமுக்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

"ஏங்க்கா, நாங்க என்ன பண்ணினோம்?"

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்புப் பத்த வெக்கிறேன். ஒரு சொம்பு எடுத்து ஊத்திக்கிட்டீங்களா? கம்பெனில போய் குளிச்சிட்டு வர்றீங்க. எங்க வூட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒரு வீட்டின் தண்ணீரைத் தொடாமல் இருப்பதற்கு நம் நாட்டில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் என்று எங்களை நினைத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்கதானக்கா தெனமும் பிஸி, போன்னு வெரட்டுறீங்க!"

"ஆமா, பிசி ஐத்தே, போய் குளின்னுதானே சொல்றேன்?"

"பிஸியா இருந்தா எப்படிக்கா போறது? சார் உள்ள குளிச்சிக்கிட்டு இருக்காரே!"

"யாரு, எங்க யஜமான்ரா?" ஜெயம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம அவர குளிக்க வெக்கறதுக்கே நான் காலையிலருந்து கத்தணும்!"

கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முனியப்பா பேப்பரை இறக்கி எங்களைப் பார்த்தார். "பிசின்னா சூடுப்பா" என்றார். மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

ஜெயம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்கும் வரை சிரித்தார். பிறகு அந்த நேரத்திலேயே அடுப்பை மூட்டி, குளித்தால்தான் ஆயிற்று என்று எங்களைத் துரத்தினார். செம்பு அண்டாவில் காய்ந்த, லேசாகப் புகை மணக்கிற தண்ணீர். தோளில் ஊற்றியதும் ஊரைவிட்டு வந்ததிலிருந்து விறைத்துக் கிடந்த ஏதோ ஒன்று எனக்குள் இளகியது. உள்ளேயிருந்து வெளியே வரவே மனம் இல்லை. "இப்பதான்டா நிஜமாவே பிஸி!" என்று வெளியே சேவியர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு ஜெயம்மா எங்களை நம்பவில்லை. காப்பிக்கு முன்னாலேயே தமிழில், தெருவுக்கே கேட்கும்படி, "சுடுதண்ணி! ரூம் பிசி இல்ல, தண்ணிதான் பிசி!" என்று கத்துவார்.

இப்போது அந்த இடத்தில் நாலு மாடி ஹாஸ்டல் நிற்கிறது. அறைக்கு அறை ஷவர், வாசலில் இருபத்துநாலு மணி நேர வெந்நீர் வசதி என்று போர்டு. சேவியர் துபாய்க்குப் போய்விட்டான். ஜெயம்மா மாலூரில் மகள் வீட்டில் இறந்துபோனார் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் முனியப்பாவைப் பார்த்தபோது அவர்தான் சொன்னார். பிறகு, அது சாயங்கால வேளை என்றும் பார்க்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்நானா ஆய்த்தா?" என்று கேட்டார்.

நேற்று காலை, இப்போதிருக்கும் வாடகை வீட்டில் குளிக்கப் போனேன். உள்ளே ஷவர் சத்தம். கதவைத் தட்டினேன்.

"பிஸிப்பா!" என்றாள் மகள்.

ஜெயம்மாவே கூப்பிட்டதுபோல், சட்டென்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளக் கையை வைத்துவிட்டேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது.