முனிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று

காய்ச்சல் போய் ஐந்து மாதமாகியும் என் மூக்கு திரும்பி வரவில்லை. சளி இல்லை, அடைப்பு இல்லை. காற்று தாராளமாகப் போய் வந்தது, வாசனைதான் எதிலும் இல்லை. டாக்டர் சொன்னபடி கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பிப் பொடி, கற்பூரம் என்று நான்கு டப்பாக்களைக் காலையும் மாலையும் முகர்ந்தேன். நான்கும் வெறும் டப்பாக்களாகவே இருந்தன. சாம்பாருக்கும் ரசத்துக்கும் இருந்த வித்தியாசம், ஒன்று கெட்டி, மற்றது தண்ணீர்.

என்னோடு முடிகிற கஷ்டமாக இருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் நிறைந்த வீட்டில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போய்த் திரும்பிய மனைவி வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி ஜன்னல்களைத் திறந்தாள். திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைத் தனியாக விட்டு எங்கும் போவதில்லை. செங்கல்பட்டில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். போய் வா என்றால், "மூக்கு வரட்டும், போறேன்" என்பாள். இரண்டில் எது முந்துமோ என்று ராத்திரியெல்லாம் எனக்கு அதே கவலை.

மாலையில் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் என்னோடு நடப்பவர் எதிர் வீட்டு பாய். இரும்புக் கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறார். தினமும் என் மூக்கைப் பற்றியே கேட்டுச் சலித்துப்போய், தன் மாமா சுருட்டுப் பிடித்தால் நாலு வீடு தாண்டி வாடை வரும், செத்த மூக்குகூட எழுந்து உட்கார்ந்துவிடும் என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். எழுபத்தொரு வயதுவரை பீடியைக்கூடத் தொடாதவன் நான்.

பெட்டிக்கடையில் சுருட்டு என்று வாயெடுத்ததுமே கடைக்காரர், "படையலுக்கா சார்?" என்றார். வேட்டியும் விபூதியுமாக நிற்கிற கிழவனுக்கு வேறென்ன காரணம் இருக்கும்? ஏரிக்கரை முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன். அவர் இரண்டு சுருட்டுகளை எடுத்து, கற்பூரமும் எலுமிச்சம்பழமும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சுருட்டு ஒன்று, ஒரு டீயைவிட மலிவு.

கரையேறும்வரை பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமிக்கு என்று சொல்லி வாங்கியதை நான் எப்படிப் பிடிப்பது?

"எனக்கு ஏன் சார் வம்பு. மொதல்ல அவருக்கு வைங்க. மிச்சம் பிரசாதம்" என்றார் பாய்.

வேப்பமரத்தடியில் சுண்ணாம்பு பூசிய கல், பெரிய கண்களோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கற்பூரம் ஏற்றி, அந்தச் சுடரிலேயே ஒரு சுருட்டைச் சிவக்கவிட்டு முனிக்கு முன்னால் வைத்தேன். இரண்டாவதை எடுத்துக்கொண்டு நீர் ஓரம் இறங்கி உட்கார்ந்தோம்.

வாயில் வைத்துக் கொளுத்தி இழுத்தேன். ஒன்றும் வரவில்லை.

"மொனைய கடிச்சுத் துப்புங்க சார். மூடிகினு கீதே, தெரியல?"

கடித்துத் துப்பினேன். இலைத்துணுக்கு ஒன்று நாக்கில் ஒட்டிக் கசந்தது. பிறகு மூச்சை இழுப்பதுபோல் இழுத்துவிட்டேன். நான் இருமிய இருமலில் கரையில் நின்ற கொக்குகள் பறந்தன. பாய் என் முதுகைத் தட்டினார்.

"முழுங்காதீங்க. வாய்க்குள்ள வச்சு வெளிய வுடுங்க. பொகை இன்னா சோறா?"

அப்புறம் மெதுவாக இழுத்தேன். இழுப்புகளை எண்ணிக்கொண்டே வந்தேன். நான்காவதில் நாக்கின் ஓரம் மிளகு கடித்ததுபோல் விறுவிறுத்தது. ஆறாவதில் தலை லேசாகி, ஏரி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. புகை நீல நிறத்தில் கலைந்து, போக மனமில்லாததுபோல் ஆகாயத்தாமரைகளின் மேல் படுத்துக்கொண்டது. தூரத்தில் மின்சார ரயில் தண்ணீருக்கடியில் ஓடுவதுபோல் ஓடியது. அக்கரை வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற, எது வீடு, எது நிழல் என்று தெரியவில்லை. அதற்குமேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. என்ன கவலையோடு அங்கே வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

அப்போது மிக மெலிதாக, பக்கத்துத் தெருவில் யாரோ எதையோ திறந்துவைத்ததுபோல் ஒரு வாசனை வந்தது.

"ஈரச் சாக்கு" என்றேன்.

பாய் என் கையிலிருந்த சுருட்டை வாங்கி முகர்ந்தார். "ஆமா சார். அதேதான்" என்றார்.

உடனே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது வருஷம் கடை நடத்தியவர். எதிரில் இருப்பவர் சொல்வதற்கு ஆமாம் போடுவது அவருக்குப் பழக்கம். இன்னொரு முறை முகர்வோம், மூன்று எண்ணுவேன், இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்றேன். பாய் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார். நான் கண்ணை மூடி ஒரு வாய்ப் புகையை வைத்திருந்து, மெல்ல மூக்கு வழியாக விட்டேன். அவர் நெருப்பில்லாத முனையை முகர்ந்தார். எண்ணினேன்.

"வெல்லம்" என்றேன் நான்.

"கருப்பட்டி" என்றார் அவர்.

இருவரும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டோம். பிறகு சண்டை ஆரம்பித்தது. வெல்லப்பாகு என்று நான் அடித்துச் சொன்னேன். கருப்பட்டி தெரியாத மூக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றார் அவர். தெரு திரும்பும்போது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அவர் விட்டுக்கொடுத்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் பயந்துகொண்டே நடந்தேன்.

கதவைத் திறந்த மனைவி இரண்டடி பின்வாங்கினாள். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சமையலறைக்குப் போய், எதையோ கைக்குள் மூடிக்கொண்டு வந்து என் முகத்தருகே நீட்டினாள்.

"சொல்லுங்க."

மூன்று முறை இழுத்தேன். முதல் இரண்டிலும் அவளுடைய கைச்சூடுதான் தெரிந்தது.

"பெருங்காயம்."

அவள் கையை விரிக்கவில்லை. காலையில் செங்கல்பட்டுக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"காஸை மூடிட்டுத்தான் போவேன்" என்றாள்.