சுவரில் மாட்டிய தம்பி

நான் சமைக்கும் பப் ஓர் அயர்லாந்துக்காரருடையது. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து நடக்கும் தூரம். அதன் பின்சுவரில், அவருடைய ஊரில் விடுதலைச் சண்டையில் செத்த இளைஞர்களின் படங்கள் தொங்கும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பியர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, படங்களுக்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள். இங்கேயே பிறந்து, அந்த மண்ணை ஒரு நாளும் மிதிக்காதவர்கள்தான் தொண்டை கிழியப் பாடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஈழத்து ஆட்களும் இப்படித்தான், எனக்குத் தெரியாதா என்ன!

இந்த ஈஸ்டருக்கு முன்பு, உங்கள் சண்டையில் உன் வீட்டில் யாரும் செத்தார்களா என்று முதலாளி கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கைச் சீவியிருக்கலாம். தம்பி என்றேன். படத்தைக் கொண்டு வா, எங்கள் பையன்களோடு அவனும் இருக்கட்டும் என்றார்.

இயக்கத்துக்குப் போய், இராணுவத்தோடு நடந்த சண்டையில் செத்தவன் அவன். ஆமி வீடு வீடாகத் தேடி வந்த காலத்தில் அவனுடைய படங்களையெல்லாம் அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். மிஞ்சியது நான் சேலை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஒன்றுதான். அதில் இயக்கத்தின் வரிச் சீருடையில் பல் தெரியச் சிரிப்பான். ஈஸ்டரன்று அதைப் பப் சுவரில் மாட்டி, முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் ஏப்ரனோடு நின்று அழுதேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

இரண்டு நாள் கழித்துக் கணவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பப்புக்கு வந்த யாரோ பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். தம்பியின் படம், அதன் கீழே என் முகம்.

"உமக்கென்ன விசரே? அடுத்த கிழமை கொழும்புக்கு டிக்கெட். எயார்போட்டில மறிச்சாங்கள் எண்டால் என்ன செய்வீர்?"

யாழ்ப்பாணத்தில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். இருபது வருடங்களுக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகிறேன்.

முதலாளியிடம் ஓடினேன். பேஸ்புக்கில் போட்டவரைப் பிடித்து அதை அழிப்பித்தார். அதற்குள் யார் பார்த்தார்களோ, யாருக்கு அனுப்பினார்களோ. சுவர்ப் படத்தைக் கழற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. இது கனடா, செத்தவர்களை இங்கே ஒளிப்பதில்லை என்று கத்தினார். உங்களுக்கென்ன, சாகக் கிடப்பது உங்கள் அம்மாவா என்று நானும் கத்தினேன். கதிரையில் ஏறி நானே கழற்றினேன். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

அந்தக் கிழமை முழுக்க, தமிழ்க் கடையில் யாராவது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தால், இவன்தான் காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று நினைத்தேன். விமானத்தில், எயார்போட்டில் தம்பியைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளை நானே கேட்டு, பதில்களைப் பாடமாக்கினேன்.

கொழும்பில் குடிவரவு மேசையில் இருந்தவனுக்கு என் மகனின் வயதுதான் இருக்கும். பாஸ்போட்டைப் புரட்டியபடி, எத்தனை நாள் நிற்பீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"எனக்குச் சகோதரங்கள் ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். எத்தனை நாள் என்று திரும்பவும் கேட்டான். ஒரு மாதம் என்றேன். முத்திரை குத்தித் தந்தான்.

வெளியே வந்து பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தம்பியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.