இஞ்சி இடித்த கைப்பிடி

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுச் சமையலறையில் பல வருடங்களாக ஒரு களவுப் பொருள் இருந்தது. நான் அதால் இஞ்சி இடித்தேன். களவெடுத்தவர் என் கணவர். அவரைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். வேலைத்தலத்துப் பென்சில் ஒன்று தவறிச் சட்டைப் பையில் வந்துவிட்டாலே மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். மகள் சின்ன வயதில் ரயில்வேத் தாளின் பின்பக்கத்தில் பூனைப் படம் கீறியதற்கு அரை மணித்தியாலம் பிரசங்கம் வைத்தவர்.

அவர் ரயில் சாரதி. அவருடைய வண்டி ஒற்றைப் பெட்டி டீசல் ரயில். அதற்குத் தனியாக என்ஜின் கிடையாது. பஸ் மாதிரி எல்லாம் அடியிலேயே இருக்கும். இரண்டு முனையிலும் சாரதிக்கு ஓர் அறை. கடைசி ஸ்டேஷனில் வண்டியைத் திருப்பவே தேவையில்லை. சாரதி ஒரு கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பயணிகளுக்கு நடுவால் நடந்து மற்ற முனைக்குப் போய், அங்கே அதைப் பூட்டிவிட்டு வந்த வழியே ஓட்டுவார். முன்னுக்கா பின்னுக்கா என்று வண்டிக்குச் சொல்வது அந்தக் கைப்பிடிதான். அது இல்லாவிட்டால் வண்டி ஓர் அடி நகராது. அதுவும் ஒரு வண்டிக்கு ஒன்றே ஒன்று.

எனக்கு அந்தக் கடைசி ஸ்டேஷனான மருதானையில் வேலை. பின்னேரம் நான் ஏறி இருந்தால் இவர் கைப்பிடியும் கையுமாக என்னைத் தாண்டிப் போவார். ஒருநாள்கூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. வீட்டில் கேட்டால், “டியூட்டியில நீரும் ஒரு பசெஞ்சர்தான்” என்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். பக்கத்திலிருக்கும் பெண்கள் வேறு, “உங்கட மனிசன் கோவமோ?” என்று கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற அன்று பயணிகளே அவருக்கு மாலை போட்டார்கள். ஒருவர் கேக், ஒருவர் குடை, ஒருவர் மாம்பழம். அந்தச் சந்தோஷத்தில் கழற்றிய கைப்பிடியைப் பழக்கதோஷத்தில் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மாம்பழத்துக்குக் கீழே அதைக் கண்டவுடன் அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் விடியவே கொண்டு ஓடினார். அங்கே போனால், வண்டியையும் பழசு என்று சேவையிலிருந்து எடுத்துத் தெமட்டகொடை ரயில் யார்டின் பற்றைப் புதருக்குள் தள்ளியாயிற்று. கைப்பிடியை யாரும் கேட்கவில்லை. நீட்டிக் கொடுக்க இவருக்கும் கை வரவில்லை. தீபாவளி முடியட்டும், வருசம் பிறக்கட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அதை என் அலுமாரிக்குக் கீழே ஒளித்து வைத்தார். ஒருநாள் அம்மிக்குழவி உடைந்தபோது நான் அதை வெளியே எடுத்தேன். இஞ்சிக்கு அப்படி ஒரு வாகான பாரம். அவர் பார்த்துவிட்டு மூன்று நாள் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. நாலாம் நாள் குடித்தார்.

போன வருடம் அவரோடு வேலை செய்த ஃபிட்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தெமட்டகொடை முஸ்லிம் மனிதர், வாய் நிறையக் கதை. நான் உள்ளே அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, நம்மட வண்டியப் பத்தைக்குள்ளருந்து இழுத்தெடுத்திட்டோம்! வேலைய விட்ட ஆக்கள் பத்துப் பேர் சேந்து, ஞாயித்துக்கிழமையில. என்ஜின் ஸ்டார்ட் ஆகுது. பெயின்ட் அடிச்சாச்சு. ஆனா கைப்பிடியக் காணோம்.”

என் கை இஞ்சியின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

“ஒண்டு செஞ்சு பாத்தோம், பூட்டுக்குள்ள சரியா உக்காருதில்ல. வார மாசம் மேலிடத்து ஆக்கள் பாக்க வாராங்க. வண்டி தானா ஓடினா வெச்சிருப்பாங்க. ஓடாட்டி மத்ததுகளோட பழைய இரும்புக்குப் போயிரும், அண்ணே.”

எட்டிப் பார்த்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, “அக்கா, இஞ்சி ஷோக்கா இரிக்கி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தினதுதான் தாமதம், நான் தொடங்கினேன். “இஞ்சாருங்கோ, முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறியளோ?”

“நீர் சும்மா இரும். எத்தினை பேருக்கு நேர்மையைப் பற்றிப் படிப்பிச்சனான். இப்ப எந்த முகத்தோட போய் நிப்பன்?”

“அப்ப வண்டி இரும்புக்குப் போகட்டும். உங்கட முகம் வடிவா இருக்கட்டும்!”

நானே ஒரு வழியும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு இருக்கைக்குக் கீழே போட்டுவிட்டு, ‘ஐயோ, இஞ்ச கிடக்கு’ என்று சொன்னால் முடிந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முதல் களவு. இப்ப பொய்யுமோ?” என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் கதைத்தது.

அடுத்த ஞாயிறு காலை இஞ்சி இடிக்கப் போனேன். கைப்பிடியைக் காணவில்லை. திரும்பினால் இவர் வெள்ளைச் சட்டையும் பழைய வேலைப் பையுமாக நிற்கிறார். “நீரும் வாரும். தனியப் போக எனக்குக் கால் வராது” என்றார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக அன்பான வார்த்தை அதுதான். உடனே சேலை மாற்றினேன்.

யார்டில் அந்தப் பத்துப் பேரும், பொறுப்பாக ஒரு இளம் சிங்களப் பெண் பொறியியலாளரும் நின்றார்கள். இவர் நேரே போனார், கைப்பிடியை இரண்டு கையாலும் நீட்டினார், சிங்களத்தில் சொன்னார்: “இதைக் கொண்டுபோனது நான். பயத்தில் திருப்பித் தரவில்லை. என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.” அந்தப் பிள்ளை கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அனே, ஐயோ அங்கிள்! இந்த வண்டியில் துருப்பிடிக்காத ஒரே சாமான் இதுதான். எப்படி இவ்வளவு மினுக்கமாக வைத்திருந்தீர்கள்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஃபிட்டர் அதை வாங்கி மூக்கில் வைத்தார். “யா அல்லா, இஞ்சி!” என்று கத்தினாரே பாருங்கள், யார்டே சிரித்தது. இவரும் சிரித்தார். அவ்வளவு வருடப் பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

கைப்பிடி ஒரு ‘டக்’ சத்தத்தோடு உட்கார்ந்தது. பொறியியலாளர் பக்கத்தில் நிற்க, இவரே ஓட்டினார். வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி, புகையை விட்டு, யார்டின் மறுமுனை வரை தானாகவே போயிற்று. வெளியே நின்றவர்கள் கூடவே ஓடினார்கள், அந்த வயதில்! வண்டிக்குள் ஏறி ஜன்னலோரம் இருந்த நானும் வெட்கமில்லாமல் கைதட்டினேன். பிறகு இவர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு, பழையபடி வண்டிக்கு நடுவால் நடந்து வந்தார். நான் வேண்டுமென்றே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் எனக்குப் பக்கத்தில் நின்றது.

“டிக்கெட் இருக்கோ?” என்றார். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலிடத்து ஆட்கள் வந்த அன்றும் வண்டி ஓடியது. வைத்திருக்கச் சம்மதித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் புறப்படும்போது, அனுபவப்பட்டவள் அல்லவா, யார்ட் வாசலில் வைத்து அவருடைய பையை வாங்கித் திறந்தேன். உள்ளே கைப்பிடி!

“கடவுளே, திரும்பவுமோ!”

“அக்கா, அது நாங்க செஞ்சது, பூட்டுக்குள்ள உக்காராதது,” என்று ஃபிட்டர் ஓடி வந்தார். “உங்கட இஞ்சிக்குத்தான் குடுத்து விட்டோம்.”

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காவலாளியிடம் நீட்டினார். உதவாத கைப்பிடி ஒன்று, இஞ்சி இடிக்க, வெளியே கொண்டுபோக அனுமதி. கீழே பொறியியலாளரின் கையெழுத்து, சீல். எழுதித் தராவிட்டால் அதைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்து வாங்கினாராம்.