ஆணி அங்கேயே இருக்கட்டும்

சாணார்பட்டிப் பக்கம் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டும் பெண் அறிவுச்செல்வி ஒருத்திதான். பன்னிரண்டு வருடம் நூல் மில்லில் ஷிப்டு பார்த்தவள். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவன் முருகேசனிடம் கார் வாங்கப் போவதாகச் சொன்னபோது, "ஓட்டப்போறது நீ, என்னய எதுக்குக் கேக்குற?" என்று முடித்துக்கொண்டான். ஒத்துக்கொள்ளாதவன் அவளுடைய அண்ணன் பெரியகருப்பன்தான். வண்டி பூசையன்று கருப்பசாமி கோயில் வாசலில், நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தபோது, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"ரோட்டுல நின்னுக்கிட்டு, 'அண்ணே வாண்ணே'ன்னு ஒரு தடவ என்னயக் கூப்புட்டே, அன்னைக்கே சாவி என் கைக்கு வந்துரணும். நான் டிரைவர் போட்டு ஓட்டிக்கிறேன். நீ மறுபடி மில்லுக்குப் போ."

"சரி," என்றாள் அறிவுச்செல்வி. கோயில் வாசலில் கொடுத்த வாக்கு. ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினாள். பழங்கள் நசுங்கின.

எட்டு மாதம் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அன்று காலை பின்சீட்டில் ஷாஹினா இருந்தாள். சென்னையில் புது வேலைக்குச் சேரப் போகிறவள். திண்டுக்கல்லில் பத்தே காலுக்கு ரயில். நத்தம் ரோட்டில் ஒரு டீக்கடைக்கு முன்னால் வண்டி இடப்பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தாள். முன்சக்கரம் பாதி அமுங்கியிருந்தது. டயரின் நடுவில் ஓர் ஆணித்தலை வெயிலில் மின்னியது.

டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸோடு வந்தார்கள். முதலில் வந்தவர் ராமர், அண்ணனுக்குப் பழக்கமானவர்.

"ஸ்டெப்னிய எறக்கு, நாங்க மாட்டித் தாரோம்."

"ஸ்டெப்னி இல்லண்ணே."

பின்னால் வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் இடத்தை அடைத்துக்கொண்டதால், ஸ்டெப்னிக்குப் பதிலாக அவள் வைத்திருந்தது ஒரு சின்ன காற்றடிக்கும் மிஷினும், ஓட்டையை அடைக்கும் மருந்து பாட்டிலும். அதை எடுத்ததும் சிரிப்பு கிளம்பியது.

"என்னத்தா இது, இருமல் மருந்தா? டயருக்குச் சளி புடிச்சிருச்சோ?"

"அம்புட்டு சத்தமா சிரிக்காதீங்க, டீ சிந்துது," என்றாள்.

ராமர் குறடு எடுத்து வந்தார். "மொதல்ல ஆணியப் புடுங்கிருவோம்."

"தொடாதீங்க."

"ஆணிய உள்ள வச்சுக்கிட்டு எவளாச்சும் காத்தடிப்பாளா?"

"நான் அடிப்பேன். புடுங்குனா ஓட்ட பெருசாயிரும். அது அங்கயே இருக்கட்டும்."

பாட்டிலைக் குலுக்கி மிஷினில் பொருத்தி, குழாயை டயரில் திருகி, எஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். மிஷினில் காற்றளவு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது; பிறகு படக்கென்று இறங்கியது.

"போச்சு!" என்றார் ராமர்.

அவள் நிமிரவில்லை. மருந்து உள்ளே போகும்போது முள் அப்படித்தான் ஏறி இறங்கும் என்று வாங்கிய அன்றே படித்து வைத்திருந்தாள். மெதுவாக முள் மறுபடி ஏறியது. இருபது. இருபத்தெட்டு. முப்பத்திரண்டு. ஆணியோரம் வெள்ளையாய் ஒரு சொட்டுக் கசிந்து, அப்படியே நின்றது.

போன் அடித்தது. அண்ணன்.

"ராமர் போன் போட்டுச் சொன்னாரு. அங்கனயே நில்லு, நான் வாரேன். சாவிய எடுத்து வையி."

"நிக்க ஏலாதுண்ணே. மருந்து ஊத்தியாச்சு. ஒடனே ஓடுனாத்தான் டயருக்குள்ள சுத்திவரப் பரவும்."

"ஏய், நில்லுங்கிறேன்ல!"

போனை வைத்தாள். "ஏறு ஷாஹினா."

"போயிரலாமாக்கா?"

"மெதுவாப் போலாம். ஆனா போலாம்."

ஐந்து கிலோமீட்டர் தாண்டி ஓரங்கட்டி அளந்தாள். முப்பத்தொன்று. அதற்குப் பிறகுதான் முதுகைச் சீட்டில் சாய்த்தாள். ஷாஹினா பெட்டியோடு ஸ்டேஷனுக்குள் ஓடியபோது ரயிலுக்கு ஏழு நிமிடம் இருந்தது.

ஸ்டேஷன் பக்கத்துப் பஞ்சர் கடையில் ஆனந்த்ராஜ் டயரைக் கழற்றியதும் முகத்தைச் சுளித்தான். "என்னக்கா, உள்ள பாயாசம் காச்சி வச்சிருக்கீங்க? இதத் தொடைக்கவே அரைமணி ஆகும்."

"தொடச்சு ஒழுங்கா ஒட்டு. மருந்து, வண்டி இங்க வந்து சேர்ற வரைக்குந்தான்."

பின்னாலேயே தேடி வந்து பைக்கை நிறுத்திய பெரியகருப்பன் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. கையை நீட்டினான். "சாவி."

"நான் ஒன்னயக் கூப்புட்டேனா?"

அவன் கையை இன்னும் முன்னால் நீட்டினான்.

"கூப்புட்டா சாவின்னு கோயில் வாசல்ல சொன்னது நீ. கூப்புட்டேனா, இல்லையா? ராமரக் கேளு."

நீட்டிய கை கீழே இறங்கியது. பிறகு ஹெல்மெட் பட்டியை அவிழ்க்கப் போனது.

"அடுத்த தடவ வண்டி நின்னா…"

"அடுத்த தடவைக்கும் மருந்து வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்," என்றவள், ஆனந்த்ராஜிடம் திரும்பினாள். "புது பாட்டில் எந்தக் கடையில கெடைக்கும்ப்பா?"