மீன்கடைக்காரர் விட்ட மீன்

மீனைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு, அந்தக் கதையைக் கனடாவின் தமிழ்ப் பத்திரிகையொன்றில் எழுதுவது என் தொழில். செய்கிற வேலையை வீட்டாருக்கு விளங்கப்படுத்த முடியாமல் அல்லாடும் சகபாடிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கறிக்கு உதவாத கட்டுரை

பத்திரிகையில் என் பக்கத்துக்கு விளம்பரம் தருபவர் ஸ்காபரோவில் மீன்கடை வைத்திருக்கும் தேவராசா அண்ணை. அவருடைய விளம்பரம் இருந்தால்தான் என் பக்கம் இருக்கும் என்று ஆசிரியர் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஒருநாள் அண்ணை என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். அறுக்குளா மீன் வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டே, இந்த மாதத்தோடு விளம்பரத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“கிழமைக்குக் கிழமை மீனை விடு, மீனை விடு எண்டு எழுதுறீர். பிறகு சனம் என்ர கடைக்கு என்னத்துக்கு வரும்?”

காவடிக்குப் பின்னால்

ஒரேயொரு மாலை என்னோடு ஆற்றுக்கு வாருங்கள், பிறகு நிறுத்துங்கள் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அங்கே ஒரு மீனும் படாவிட்டால் என் பக்கம் முடிந்த மாதிரித்தான். ஆகவே நல்லதொரு பொய்ப்பூச்சி வேண்டும். சின்னத் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டுவதுதான் பொய்ப்பூச்சி. அதற்கு மயிலிறகின் இழையை மிஞ்ச ஒன்றுமில்லை; நனைந்ததும் பச்சையும் செம்புமாய் மினுங்கும், உயிருள்ளதோ என்று கட்டிய எனக்கே சந்தேகம் வரும். கோயில் திருவிழாவில் காவடிகளுக்குப் பின்னால் நடந்து, விழுந்த இறகுகளைப் பொறுக்கினேன். கோயிலுக்கு வந்திருந்த ராணி அன்ரி அதைப் பார்த்து, தானும் குனிந்து பொறுக்கி, ஒரு பிடி இறகை என் கையில் தந்தார்.

“முருகனில இவ்வளவு பக்தியான பிள்ளையை நான் கனடாவில இப்பதான் காணுறன்.”

வெயில் சாய்ந்தபோது

மிசிசாகாவுக்கு வடக்கே ஆற்றில், முழங்கால் தண்ணீரில் இருவரும் நின்றோம். ஒரு மீனையும் காணவில்லை. அண்ணை அடிக்கடி நேரம் பார்த்தார். வெயில் சாய்ந்ததும் ஆற்றுப்பூச்சிகள் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு தொப்பியில், சட்டையில், மூக்கு நுனியில் எல்லாம் பூச்சி. வெறுமையாய்க் கிடந்த ஆறு முழுக்க வட்டம் வட்டமாய்க் கலங்கியது. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு மீனின் வாய். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இதில் உடம்பு சிலிர்க்கும். இதை எழுதத்தான் நான் பிறந்தேன் என்றும், என்னால் இதை ஒருநாளும் எழுதிவிட முடியாது என்றும் ஒரே நேரத்தில் தோன்றும். அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, இவ்வளவும் இவ்வளவு நேரமும் எங்கட காலடியிலயோ நிண்டது?”

இரண்டு கைக்கும் நடுவில்

பொய்ப்பூச்சியை நான் வீசிவிட்டு, தூண்டில் தடியை அண்ணையிடம் கொடுத்தேன். மிதந்துபோன மயிலிறகுப் பூச்சி ஒரு வட்டத்துக்குள் மறைந்தது. தடி வளைந்தது. அண்ணை போட்ட சத்தம் அஜக்ஸ் நகர் வரைக்கும் கேட்டிருக்கும். கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே மீனைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன். செம்புள்ளி போட்ட ட்ரவுட் மீன் ஒன்று அவர் கைகளுக்குள் செவுளை விரித்து விரித்து மூடியது. முள்ளைக் கழற்றினேன். இதை விடுவாரா, கடைக்குக் கொண்டு போவாரா என்று நான் கைத்தொலைபேசியால் படம் எடுத்தபடியே பார்த்து நின்றேன். அண்ணை மெல்லக் கையைத் திறந்தார். வாலை ஒரு வீசு வீசி மீன் போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

“இவ்வளவு காலமா மீன் விக்கிறன். உயிரோட ஒண்டைக் கையில பிடிச்சது இண்டைக்குத்தான்.”

ஆசிரியரின் அழைப்பு

அடுத்த கிழமை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அண்ணை விளம்பரத்தை நிறுத்தவில்லை, பெரிதாக்கிவிட்டாராம். தான் மீனை விடும்போது நான் எடுத்த படத்தை மேலே போட்டு, அதற்குக் கீழே அறுக்குளா மலிவு விலையையும் போடச் சொன்னாராம்.

“சந்தோசமான செய்திதான். ஆனா இடம் காணாது, உங்கட கட்டுரையைப் பாதியாக் குறைச்சுத் தாங்கோ.”

மீனைக் காப்பாற்றலாம், விளம்பரத்தையும் காப்பாற்றலாம். இந்தத் தொழிலில் காப்பாற்ற முடியாதது எழுதினவனின் கட்டுரை ஒன்றுதான்.